மயங்கியிருக்கிறாரா, அசையாமல் மட்டும் இருக்கிறாரா?

ஈதரால் மயக்கமூட்டிய காலத்தில் மயக்கம் போதவில்லை என்பதை நோயாளியின் உடலே சொல்லிவிடும். கை கால் நெளியும், மூச்சு வேகமெடுக்கும்; மருத்துவர் மருந்தைக் கூட்டுவார். 1942-இல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குராரே என்ற தசைத் தளர்த்தியை மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வயிற்று அறுவை எளிதானது. ஆனால் தசை தளர்ந்தவருக்கு நடுவில் நினைவு திரும்பினால் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. அறுவையின்போது விழித்திருந்ததாகப் பின்னர் சொன்னவர்கள், தசைத் தளர்த்தி கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 8,000 பேருக்கு ஒருவர். கொடுக்கப்படாதவர்களில் சுமார் 1,36,000 பேருக்கு ஒருவர். இது அரிதுதான், ஆனாலும் அந்த ஒருவருக்கு அது ஆண்டுக்கணக்கில் கெட்ட கனவாகத் தொடரலாம்.

மயக்கம் போதுமா என்று அறிய நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மட்டும் நம்ப முடியாது. வேறு மருந்துகள் அவற்றை அடக்கிவைத்திருக்கலாம். செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவைக் கொடுத்தால், வெளிவிடும் மூச்சில் அது எவ்வளவு இருக்கிறது என்று கருவி அளந்துவிடும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தும்போது இந்த வசதி கிடையாது. அங்கேதான் பிஸ் மானிட்டர் உதவுகிறது. நெற்றியில் ஒட்டிய பட்டை மூளையின் மின்னலைகளை வாங்க, கருவி அவற்றை 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாற்றும். நல்ல விழிப்பு 100-ஐ ஒட்டியிருக்கும். அறுவைக்கு 40 முதல் 60 வரை வேண்டும்.

இந்த எண்ணும் ஏமாற்றும். கீட்டமைன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் மயக்கத்திலும் எண் ஏறலாம். முழு விழிப்பில் இருந்த தன்னார்வலர்களுக்குத் தசைத் தளர்த்தி மட்டும் கொடுத்துப் பார்த்தபோது எண் 60-க்கும் கீழே இறங்கியது. நெற்றித் தசையின் மின்சாரமும் கணக்கில் கலந்திருந்ததே காரணம்.

எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றுவது, 1977-இல் அபர்டீனைச் சேர்ந்த மைக்கேல் டன்ஸ்டால் சிசேரியன் தாய்மார்களிடம் கையாண்ட முறை. தசைத் தளர்த்தியைச் செலுத்தும் முன் ஒரு கையில் பட்டையை இறுக்கிவிடுவார். மருந்து அந்த முன்கைக்குப் போகாது. பிறகு காதருகே, "கேட்கிறதா? என் விரலைப் பிடியுங்கள்" என்பார். இம்முறையில் விரலைப் பிடித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. நினைவில்லை என்பதால் அந்த நேரத்தில் வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆகவே "வலிக்கிறதா?" என்றும் அந்தக் கையிடம் கேட்கவேண்டும்.