மணிச்சத்தைத் தோண்டி எடுக்கும் துவரை

சூப்பர் பாஸ்பேட்டை மேலாகத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பது மானாவாரி விவசாயிகள் பலரிடம் பழக்கமாகி வருகிறது. பல்லடம், அவிநாசி பக்கம் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் போக, சாலில் உரமிட ஆள் அகப்படுவதில்லை. ஆனால், தழைச்சத்தைப் போல் மணிச்சத்து நீரோடு கீழே இறங்காது. ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே நிற்கும். மேல்மண் காய்ந்ததும் வேர் ஈரத்தைத் தேடி ஆழத்திற்குப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உரம் மேலேயே கிடக்கும்.

ஆழத்தில் மணிச்சத்து இல்லாமலில்லை. செம்மண்ணில் இரும்போடும், கரிசலில் சுண்ணாம்போடும் அது கட்டுண்டு கிடக்கிறது. இந்தக் கட்டை அவிழ்ப்பதில் எல்லாப் பயிரும் ஒன்றல்ல. ஐதராபாத் அருகே பட்டன்செருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தின் ஆய்வு 1990-இல் வெளிவந்தது. துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிடுகிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்ள, மணிச்சத்து விடுபட்டு வேருக்குக் கிடைக்கிறது. சோளத்திற்கு இத்திறன் இல்லை. சோளக்காட்டில் துவரையை அக்கடிப் பயிராக விட்ட பெரியவர்கள் அமிலத்தின் பெயரை அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்!

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கைகொடுப்பது கொண்டைக்கடலை. அதன் வேர் விடும் சிட்ரிக் அமிலம் சுண்ணாம்புக் கட்டைத் தளர்த்தும். குடிமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கு அது ஏற்றது. செம்மண்ணிலும் சுண்ணாம்பு கலந்த இடங்கள் இம்மாவட்டத்தில் உண்டு. மண் பரிசோதனை செய்து தெரிந்துகொள்வது நலம்.

இதை நம்பி உரத்தை அறவே நிறுத்திவிடலாகாது. எடுத்துக்கொண்டே இருந்தால் இருப்பும் குறையும். மானாவாரித் துவரைக்கு ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ மணிச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. 16 சத சூப்பர் பாஸ்பேட்டாக இது 63 கிலோ. கடைசி உழவின்போது, ஏரின் பின்னே சாலில் நாலைந்து அங்குல ஆழத்தில் விழும்படி இடவேண்டும். ஆள் இல்லாதவர்கள், விதையும் உரமும் சேர்த்துப் போடும் டிராக்டர் கருவியை நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம்.

துவரை உதிர்க்கும் இலையைக் கூட்டி அள்ளாமல் மடக்கி உழவேண்டும். ஆழத்திலிருந்து ஏறிய சத்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. துவரைமார் அடுப்புக்குப் போனாலும், அதன் சாம்பல் குப்பைக்குழிக்கு வந்து சேரட்டும்.