நைலின் வண்டலும் கடலின் மீனும்

"ஆற்று நீரெல்லாம் வீணாகக் கடலில் கலக்கிறதே!" என்று நாம் அடிக்கடி அங்கலாய்ப்பதுண்டு. அந்நீர் உண்மையிலேயே வீணாகிறதா? எகிப்தின் நைல் நதி இதற்குத் தரும் விடை சிந்திக்கத்தக்கது.

எத்தியோப்பிய மலைநாட்டில் பெய்யும் பருவமழையால் ஆண்டுதோறும் நைலில் வெள்ளம் பெருகும். கரிய வண்டலைச் சுமந்துவரும் அவ்வெள்ளம் எகிப்தின் வயல்களை வளப்படுத்திவிட்டு, ரஷீத், திம்யாத் என்னும் இரு கிளைகள் வழியே மத்தியதரைக் கடலை அடையும்.

அக்கடலின் கிழக்குப் பகுதி கண்ணாடிபோல் தெளிந்த நீலநிறம் கொண்டது. அத்தெளிவுக்குக் காரணம் அதன் வறுமையே! நிலத்துப் பயிருக்கு உரம் தேவைப்படுவதுபோல், கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவரங்களுக்கும் பாஸ்பேட், நைட்ரேட் போன்ற சத்துகள் தேவை. அங்கு அவை மிகக் குறைவு. கண்ணாடி போன்ற ஓடுடைய 'டயாட்டம்' என்னும் நுண்தாவரத்திற்குச் சிலிக்காவும் வேண்டும். இச்சத்துகளை நைல் வெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும். உடனே நுண்தாவரங்கள் கோடிக்கணக்கில் பெருகும். அவற்றை மிதவை நுண்விலங்குகள் உண்ணும். இவ்விரண்டையும் இரையாகக் கொள்ளச் சாளை மீன்கள் கூட்டங்கூட்டமாய்க் கரையோரம் வரும். செம்படவர்களின் வலைகள் நிறையும்.

1960-ஆம் ஆண்டில் அஸ்வான் உயர் அணையின் கட்டுமானம் தொடங்கியது. 1964 முதல் நீர் தேக்கப்பட்டது. 1970-இல் பணி நிறைவுற்றது. மின்சாரமும் ஆண்டு முழுவதும் பாசனமும் கிடைத்தன. வறட்சியின் அச்சம் நீங்கியது. இவை பெரும் நன்மைகளே. ஆனால் வண்டல் அணைக்குப் பின்னால் படிந்துவிட்டது; கடலுக்குச் செல்லும் வெள்ளமும் நின்றது. விளைவு என்ன? 1962-இல் ஏறத்தாழ 18,000 டன்னாக இருந்த எகிப்தின் சாளை மீன்பிடிப்பு, அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது. இறால் வளமும் குன்றியது. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும்!

கதை இத்துடன் முடியவில்லை. 1980களில் மீன்வளம் மீண்டும் பெருகத் தொடங்கியது. வண்டலை இழந்த வயல்களுக்கு உழவர்கள் இட்ட செயற்கை உரத்தின் எச்சமும், பெருகிவரும் நகரங்களின் கழிவுநீரும் கடலில் கலந்து, நைல் அளித்துவந்த சத்துகளின் இடத்தை நிரப்பியதே இதற்கு முக்கியக் காரணம் என அறிவியலார் பலர் கருதுகின்றனர்.

எனினும் இது மகிழத்தக்க மாற்றமன்று. கழிவுநீர் சத்துகளுடன் நோய்க்கிருமிகளையும் நச்சையும் சேர்த்தே சுமந்துவருகிறது. மேலும் சத்து அளவுக்கு மீறினால், மிகுதியாக வளரும் நுண்தாவரங்கள் மடிந்து அழுகும். அப்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சுத் திணறி இறக்கும். அளவோடு இருந்தால் அமுதம், மிஞ்சினால் நஞ்சு!

ஆறு கடலுடன் கலப்பது வீணன்று. நிலம் கடலுக்கு ஊட்டும் உணவு அது. அணை கட்டுவோர் வயலின் தேவையைக் கணக்கிடுகையில், கடலின் பங்கையும் மறவாதிருத்தல் வேண்டும். நம் உணவுத் தட்டில் இருக்கும் மீனுக்கும், தொலைதூர மலையில் பெய்த மழைக்கும் உறவு உண்டல்லவா?