ஆஸ்பத்திரிச் சீட்டின் முதல் வரி

நம் மலைக்கிராமமான வட்டவடையில் கிராண்டிஸ் மரம் வெட்டும் இடத்தில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜீப்பில் ஏற்றி, டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பெட்டி வழியாக மூணாறுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டது?" என்பதுதான். அடிபட்டவரால் பேச முடிவதில்லை. கூட வந்தவர் பெரும்பாலும் மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள். "வீட்டுல வழுக்கி விழுந்துட்டார் சார்" என்கிறார். கெட்ட எண்ணம்கூட இருக்காது. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்ற நினைப்புதான். டாக்டர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்.

முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருந்தால், அந்த மனிதர் மறுபடி மரம் ஏறப்போவதில்லை. இனி அவர் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் வருமா, வராதா என்பதை அந்த ஒரு வரி பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. வேலையிடத்தில் நடந்த விபத்து என்று பின்னால் நிரூபிக்க முடியும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டை எதிர்த்துப் போராடித்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே குடும்பத்தில் ஒருவர் ஓடிப்போய், எங்கே, யாரிடம், என்ன வேலை செய்யும்போது விழுந்தார் என்பதை எழுதச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விழுந்தவரின் கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்குவது நம் ஊர்ப் பழக்கம். எலும்பு மட்டும் முறிந்திருந்தவருக்குத் தண்டுவடமும் அறுபடுவது இப்படித் தூக்கும்போதும் நடக்கிறது. கால் மரத்துப்போச்சு என்றாலோ, கழுத்து, முதுகு வலி தாங்கவில்லை என்றாலோ அவரை உட்காரவைக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கவைக்கவும் கூடாது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நான்கைந்து பேர் சேர்ந்து பலகையிலோ கதவிலோ நகர்த்தி, தலையின் இருபுறமும் துணிச் சுருட்டு வைத்துக் கட்ட வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும் என்பது வட்டவடைக்காரர்களுக்குத் தெரியும். ஜீப்தான் வழி என்றாலும் பின்சீட்டில் மடக்கி உட்காரவைக்காமல், பலகையோடு படுக்கவைத்தே கொண்டுபோக வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். மரம் வெட்டுபவர், லோடு ஏற்றுபவர், கட்டட வேலைக்காரர் எல்லாருக்கும் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. அதே பாதுகாப்பு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. முழுமையாக வேலைத்திறன் இழந்தவருக்கு, மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்கு உரிய காரணியால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 1923 சட்டத்தில் கணக்குக்கு எடுத்துக்கொண்ட கூலி, 2020 முதல், அதிகபட்சம் மாதம் 15,000 ரூபாய். 30 வயதுக்காரருக்குக் காரணி 207.98. அப்படிப் பார்த்தால் தொகை 18,71,820 ரூபாய். 40 வயதானவருக்கு 184.17 என்ற காரணிப்படி 16,57,530 ரூபாய். குத்தகைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கையில் திணிக்கும் ஐம்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த ஐம்பதாயிரத்தோடு சில சமயம் ஒரு முத்திரைத்தாளும் வரும். "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்பார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஏமாந்து கையெழுத்துப் போட்டவர்களும் வழக்குப் போடலாம். "குடிச்சிருந்தான், அதான் விழுந்தான்" என்பது அடுத்த வாதம். சிறிய காயத்துக்கு அந்த வாதம் எடுபடலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் எடுபடாது. "ஆளை வச்சது நான் இல்ல, மேஸ்திரி" என்று தோட்டக்காரர் கைகாட்டினால், தன் தொழிலுக்காகக் குத்தகைக்கு விட்ட வேலையில் முதன்மை உரிமையாளரிடமிருந்தும் இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும்.

"கைதான் நல்லா இருக்கே, உட்கார்ந்து ஏதாவது செய்யலாமே, எப்படி முழு ஊனம்?" என்ற கேள்வியும் வரும். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், 1975 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அது இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கு. ஒரு கை மிச்சம் இருந்தும், தச்சு வேலை இனி முடியாது என்பதால் அவருடையது முழு ஊனம் என்றது தீர்ப்பு. அடிபட்டபோது செய்துகொண்டிருந்த வேலையை வைத்துத்தான் இழப்பை அளக்க வேண்டும். மரம் ஏறியவருக்கும் சுமை தூக்கியவருக்கும் இதைவிட வலுவான வாதம் கிடையாது.

வண்டி விபத்துக்கு வழி வேறு. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்குள் மனு கொடுப்பது பாதுகாப்பு. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் ஏழு நாளில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் வட்டவடைச் சாலையில் தினமும் கண்ணில் படும் ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோஸும் கேரட்டும் ஏற்றிய பிக்கப்பின் மேல், மூட்டைக்கு மூட்டை ஆட்கள் உட்கார்ந்து போகிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்தச் சரக்கோடு போகும் விவசாயிக்குப் பாதுகாப்பு உண்டு. அவரும் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும், மூட்டைமேல் இருந்தால் இல்லை என்பது பின்னர் வந்த தீர்ப்பு. அப்படி விழுந்தவர் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். அவரும் பெரும்பாலும் கடனில் வண்டி வாங்கிய நம் பக்கத்து வீட்டுக்காரர்.

இவ்வளவு சட்டத்துக்கும் வெளியே நிற்பவர் ஒருவர் இருக்கிறார். தன் சொந்தப் படிக்கட்டு நிலத்தில் பூண்டு மூட்டையோடு சறுக்கி விழும் சிறு விவசாயி. அவருக்கு முதலாளி இல்லை, எதிர்த்தரப்பு வண்டியும் இல்லை. மேற்சொன்ன இழப்பீட்டுச் சட்டங்கள் இரண்டும் அவரை எட்டுவதில்லை. இது பெரிய அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் வட்டவடையில் அதிகம் பேர் அவரைப் போன்றவர்கள்தான். இன்றைக்கு அவர் கையில் இருக்கும் எளிய கவசம் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு. வங்கிக் கணக்கு இருந்தால் போதும். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். 18 வயது முதல் 70 வரை சேரலாம். விபத்தில் இரண்டு காலும் இனி இயங்காது என்றானால் இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். கணக்கில் அந்த இருபது ரூபாய் இல்லாமல் பாலிசி நின்றுபோவது உண்டு. பாஸ்புக்கில் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குத் தேனி, மதுரை, கோவை என்று இறங்கிப்போவது நம் வழக்கம். மொழி தெரிந்த இடம், சொந்தக்காரர்கள் இருக்கும் இடம். ஆனால் கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்குத் தமிழக முதல்வர் காப்பீடு கிடைக்காது. கேரளத்தின் காருண்யா திட்டத்தில் இருப்பவருக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. எல்லை தாண்டும் முன் அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தண்டுவடக் காயம் இல்லை. படுக்கைப்புண்ணும் மூத்திரத் தொற்றும்தான். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கையை ஊன்றி அவ்வப்போது இடுப்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். மூத்திர டியூப் மாற்றுவதைப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வந்து சொல்லித்தருவார். 2008லேயே பாலியேட்டிவ் கவனிப்புக்கென்று கொள்கை வகுத்த மாநிலம் கேரளம், கேட்கத் தயங்க வேண்டாம். நம் மலைக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. மார்கழிக் குளிரில் அடுப்பின் பக்கம் காலை நீட்டி உட்காருவோம். உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. வெந்நீர்ப் பாட்டிலும் அப்படித்தான். நடுநெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி வந்து முகம் சிவந்தால், உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, மூத்திர டியூப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும் நேரம் அது. சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, வேலை? செறாயியில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் டாக்டரான மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நின்று செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு இனி வழியில்லை. டாக்டர் பால் பிராண்ட் அவரைத் தொழுநோயாளிகளின் கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யச் சொன்னார். அதைச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972இல் பத்மஸ்ரீ. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

இருவரும் படித்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குக் கிடைத்ததில் முக்கியமானது பயிற்சியும், அவர்களுக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக்கொடுக்கத் தயாராக இருந்த மனிதர்களும். வட்டவடையில் பூண்டு தரம் பிரிப்பது, விதைப்பூண்டு கட்டுவது, போனில் விலை பேசி விற்பது, அக்ஷயா இ-சேவை மையக் கவுண்டரில் உட்காருவது எல்லாம் சக்கர நாற்காலியில் செய்யக்கூடிய வேலைகள். ஆனால் முறையான மறுவாழ்வுப் பயிற்சி இல்லாமல் யாரும் அந்த இடத்துக்கு வரமுடியாது. திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடா அருகே கேரள அரசின் நிப்மர் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே டாக்டரிடம் சிபாரிசுச் சீட்டுக் கேளுங்கள்.

அரசு வேலையில் இருப்பவருக்கு உரிமை இன்னும் தெளிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவு: பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரைகூட உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். கே.எஸ்.ஆர்.டி.சி. டிரைவருக்கும் இது பொருந்தும். "விருப்ப ஓய்வு எழுதிக்கொடுங்க" என்று யாராவது நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை. அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். 40 விழுக்காடு ஊனம் என்று சான்று கிடைத்தால் ஓய்வூதியம், கடன், இடஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் வாசல் திறக்கும். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று வழக்கை விட்டுவிட வேண்டாம்; மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மலையாளம் எழுத வராது என்றும் தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் அந்த நாற்பது, ஐம்பது கல்படிகள் மிச்சம் இருக்கின்றன. சக்கர நாற்காலி வந்தும் மனிதர் வாசலைத் தாண்டாமல் இருப்பது அதனால்தான். பஞ்சாயத்தின் திட்ட நிதியில் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் பங்கு ஒதுக்க வேண்டும் என்பது கேரளத்தில் நடைமுறை. அடுத்த கிராம சபையில் இன்ன வீட்டுக்குச் சரிவுப் பாதை வேண்டும் என்று வார்டு மெம்பரிடம் எழுத்தில் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர் வர முடியாது. அக்கம்பக்கத்தார் போக வேண்டும்.