பந்தை உதைக்காத கோச்சுக்கு ஒரு கம்ப்யூட்டர்!

மாதக் கடைசி மீட்டிங். மேனேஜர் கலெக்‌ஷன் கணக்கை வாசித்துக்கொண்டிருக்கிறார். கண்ணைத் திறந்தபடியே தூங்கும் கலையில் நான் ஓரளவு தேர்ச்சி பெற்றவன்தான். அன்றைக்கு அது கைகொடுக்கவில்லை. ‘‘உங்களைத்தான் சார் கேக்கறேன்... இந்த மாசம் ஏன் இவ்ளோ இறக்கம்?’’ என்று அவர் குரலை உயர்த்த, நான் திடுக்கிட்டு, ‘‘லெஃப்ட் பேக்குக்குக் கால்ல அடி சார்!’’ என்று சொல்லிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். அதற்கு மறுநாள் மெமோ வந்தது.

இது நடந்தது 2023 செப்டம்பரில். முதல் நாள் ராத்திரி ஒன்றே முக்கால் வரை விழித்திருந்ததன் பலன். சரி, அவ்வளவு நேரம் விளையாடினேனா என்றால் அதுவும் இல்லை. மூன்று மணி நேரத்தில் முக்கால்வாசி நேரம் கம்ப்யூட்டர் யோசித்து முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்!

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இதில் நீங்கள் பந்தை உதைக்க முடியாது. நீங்கள் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை உட்கார வைப்பது, எவனுக்குச் சம்பளம் எவ்வளவு, எவன் முறைத்துக்கொண்டிருக்கிறான்... இதுதான் ஆட்டம். ஆபீஸில் கீழ்ப்படிந்தே பழகினவனுக்கு இதில் கிடைக்கும் சுகம் இருக்கிறதே, அது தனி!

இங்கிலாந்தில் பால் காலியர், ஆலிவர் காலியர் என்று இரண்டு சகோதரர்கள் வீட்டு பெட்ரூமில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் இது. 1992-ல் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற பெயரில் வெளிவந்தது. முதல் பதிப்பில் விளையாட்டுக்காரர்களின் பெயர்கள்கூட நிஜம் கிடையாது. ஆட்டம் நடக்கும்போது ஒரு படமும் ஓடாது. எழுத்து மட்டும் வரும். மைதானத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் புள்ளிகள் ஓடும் காட்சி 2003-ல்தான் வந்தது. பிற்பாடு சகோதரர்களுக்கும் பப்ளிஷருக்கும் ஒத்துவராமல், பழைய பெயர் பப்ளிஷரிடம் போக, புரோகிராமையும் தகவல் களஞ்சியத்தையும் எடுத்துக்கொண்டு இவர்கள் வெளியே வந்தார்கள். 2004-லிருந்து ‘ஃபுட்பால் மேனேஜர்’. அந்தக் களஞ்சியம் லேசுப்பட்டதல்ல. நிஜமான எவர்ட்டன் கிளப்பே 2008-ல், ஆள் தேடுவதற்கு அதைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது.

இந்த வரலாற்றை 2019-ல் யோசித்துப் பார்த்திருந்தால் எனக்கு 36,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

அந்த வருஷம் தீபாவளி போனஸ் கையில். ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். டை கட்டின பையன், ‘‘எதுக்கு சார் யூஸ்?’’ என்றான். நான் சற்றுக் கூச்சத்தோடு, ‘‘ஆபீஸ் வேலை... அப்புறம் கொஞ்சம் கேம்’’ என்றேன். ‘கேம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு பிரகாசம். ‘‘அப்ப இதுதான் சார்! 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கு. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். கேம் பிச்சிக்கிட்டு ஓடும்!’’

லேப்டாப் பளபளவென்று இருந்தது. வாங்கிவிட்டேன். பிராசஸரில் இரண்டே கோர், ரேம் 4 ஜிபி என்பதை அவனும் அழுத்திச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில் ‘குறைந்தபட்சம்’ என்று போட்டிருந்த ரேம் அளவைப் பார்த்து, நம்மிடம்தான் அது இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன். குறைந்தபட்சம் என்பதற்கு ‘ஓடும்’ என்று மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு நேரத்தில் ஓடும் என்பதை அவர்கள் சொல்லவே இல்லை!

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சுட்டுத்தள்ளும் விளையாட்டு, கார் ஓட்டும் விளையாட்டு இதிலெல்லாம் திரையில் படம் வரைவதுதான் பெரிய வேலை. அதற்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டு. நம் விளையாட்டில் ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் ஒரு நாள் நகரும். அந்த ஒரு நாளில், நீங்கள் தேர்ந்தெடுத்த அத்தனை நாட்டு லீக்குகளிலும் நடக்கிற மேட்ச்சுகளைக் கம்ப்யூட்டர் ஆடிப் பார்க்க வேண்டும். மற்ற கிளப் மேனேஜர்கள் யாரை வாங்கலாம் என்று யோசிக்க வேண்டும். எவனுக்கோ தொடையில் பிடிப்பு, எவனுக்கோ ஊர் ஞாபகம் என்று ஆயிரக்கணக்கான பேர் கதையை எழுத வேண்டும். இத்தனையும் பிராசஸர் பார்க்கிற வேலை. கிராஃபிக்ஸ் கார்டு அப்போது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும், எங்கள் ஆபீஸில் சிலரைப்போல.

நான் ஆசையில் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், பிரேசில் என்று ஆறு நாட்டைத் தேர்ந்தெடுத்து, களஞ்சியத்தையும் ‘லார்ஜ்’ என்று வைத்தேன். ஆட்டம் துவங்குமுன் வேகம் எப்படி இருக்கும் என்று அதுவே நட்சத்திரம் போட்டுக் காட்டும். எனக்குக் காட்டியது ஒரு நட்சத்திரம். விடிவெள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மேட்ச்சிலிருந்து அடுத்த சனிக்கிழமை மேட்ச்சுக்குப் போக, கைக்கடிகாரப்படி நாலரை நிமிஷம். ஜனவரியில், கிளப்புகள் ஆள் வாங்கும் மாதம் என்பதால், ஏழு நிமிஷம்கூட ஆகும். ஒரு சீசன் முடிக்க எனக்கு இரண்டரை மாதம். அந்த இடைவெளிகளில் நான் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் பிடித்து வைத்தேன். துணி மடித்தேன். ஒரு தடவை இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். ‘‘உங்க டீம் ஜெயிக்குதோ இல்லியோ, நமக்கு சாம்பாருக்கு ஆச்சு’’ என்றாள் மனைவி.

நாலு வருஷம் இப்படியே ஓடியது, மெமோ வரும் வரை. அதைச் சட்டைப் பையில் மறந்து வைத்திருந்தேன். துவைக்க எடுத்தபோது அவள் கையில் சிக்கியது. ஒரு பிரளயத்தை எதிர்பார்த்தேன். அவள் அமைதியாகப் படித்துவிட்டு, ‘‘ஏங்க, விடுங்கன்னா விடமாட்டீங்க. சீக்கிரம் முடியற மாதிரி ஒண்ணு வாங்கித் தொலைங்க. வாஷிங் மெஷினுக்குப் போட்ட சீட்டு நவம்பர்ல வருது. 40,000. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. பாப்பா படிப்புக்கும் ஆகணும்’’ என்றாள்.

வாஷிங் மெஷின் பணம்! இந்தத் தடவையும் தப்பாக வாங்கினால் வீட்டில் எந்த மூஞ்சியோடு நடமாடுவது?

சீட்டுப் பணம் வரும்வரை முதலுதவியாக, பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி-யும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் கண் விழிக்கும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆட்டத்தை சேவ் செய்வதும் திறப்பதும் சுறுசுறுப்பாயிற்று. ஆனால் சனிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவே அதே நாலு நிமிஷம்! கணக்குப் போடுகிறவர் மாறவில்லையே. மேஜையை மட்டும்தானே மாற்றினேன்.

இந்த இடத்தில் அக்கா பையன் பிரவேசிக்கிறான். இன்ஜினீயரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். அதாவது, எல்லாம் தெரிந்தவன். ‘‘மாமா, ஒரு லேப்டாப்தான் வேணுமா? எங்கயாவது தூக்கிட்டுப் போவீங்களா?’’ என்றான்.

‘‘நான் எங்கடா போறேன்? ஹாலை விட்டா பெட்ரூம்.’’

‘‘அப்ப டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிக்கலாம். லேப்டாப்ல காசுல பாதி, சின்னதா இருக்கறதுக்கே போயிடும். சூடாச்சுன்னா பிராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். உங்க கேம் மணிக்கணக்கா கணக்குப் போடுது. ஃபேன் வேற ஏரோப்ளேன் மாதிரி கத்தும், அத்தை தூங்க வேணாமா?’’

அத்தை தூங்குவதைப் பற்றி அவன் கவலைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது.

லேப்டாப்தான் வேண்டும் என்கிற ஊர் சுற்றும் அன்பர்களுக்கு அவன் சொன்ன ஒரு குறிப்பு: இன்டெல் பிராசஸர் என்றால் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘யு’ என்றால் பேட்டரி மிச்சம் பிடிக்கிற சாது. ‘ஹெச்’ என்றால் உழைப்பாளி, கொஞ்சம் சூடாவான். கோர் நிறைய இருந்தால் பல மேட்ச்சுகளைப் பங்கு போட்டு ஆடிவிடும். அதோடு ஒற்றைக் கோரின் வேகமும் நன்றாக இருக்க வேண்டும். எல்லா வேலையையும் பங்கு போட முடியாது. ‘கீக்பெஞ்ச்’ என்று தேடினால் எந்தப் பிராசஸருக்கும் ஒற்றைக் கோர் மதிப்பெண் கிடைக்கும். கடையில் நின்றுகொண்டே செல்போனில் பார்க்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கும் இந்த விளையாட்டு உண்டு, நன்றாகவே ஓடும். என் சீட்டுப் பணம் அதுவரை ஓடாது.

நவம்பர் மத்தியில் ஒரு சனிக்கிழமை மவுண்ட் ரோடில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். அந்தத் தெருவுக்குள் நடப்பதற்கே ஒரு ஃபார்மேஷன் வேண்டும். ஒரு பக்கம் ஸ்பீக்கர், ஒரு பக்கம் கேமரா, நடுவில் டீ கிளாஸ்களோடு ஒருவர் டிரிபிள் செய்து போகிறார். முதல் கடையிலேயே, ‘‘கேமா சார்? கிராஃபிக்ஸ் கார்டு போட்டுடுவோமா? 15,000-லேர்ந்து இருக்கு’’ என்றார்கள். ஷோரூம் பையன் ஞாபகம் வந்தது. அக்கா பையன் என் கையை அழுத்தினான்.

‘‘கார்டு வேணாம்ணே. ரைசன் 5 5600ஜி குடுங்க.’’

ஆறு கோர். கிராஃபிக்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. 11,500 ரூபாய். ரேம் 16 ஜிபி. அதையும் ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8-ஆக இரண்டு. உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் அந்த ரேமைத்தான் கடன் வாங்கி வேலை செய்கிறது. இரண்டு குச்சி என்றால் இரண்டு வழியில் வாங்கும், வேகம் அதிகம். இந்த விவரத்தை எந்தக் கடையிலும் தானாகச் சொல்லவில்லை. ஒற்றைக் குச்சிதான் நூறு ரூபாய் குறைச்சல் என்று நீட்டினார்கள். பிறகு 500 ஜிபி எஸ்.எஸ்.டி., மதர்போர்டு, நல்ல பவர் சப்ளை, சுமாரான கேபினெட்.

மீதியைத் திரையில் போட்டேன். அங்கேதான் நானாக யோசித்து ஒரு முடிவெடுத்தேன் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இந்த விளையாட்டு முழுக்க பட்டியல், பட்டியல், பட்டியல்! பழைய லேப்டாப்பில் ஆள் பெயர் தெரிந்தால் சம்பளம் தெரியாது. சம்பளம் தெரிந்தால் வயது தெரியாது. இப்படித்தான் ஒருமுறை 34 வயது ஆளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துத் தொலைத்தேன். 22 அங்குல ஃபுல் ஹெச்.டி. மானிட்டர், 7,600 ரூபாய். எல்லாம் தெரிகிறது, வயது உட்பட.

மொத்தம் 38,500. மிச்சம் 1,500-ஐக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, ‘‘ஓடுதான்னு பார்க்கலாம்’’ என்றாள்.

அப்போதுதான் வந்திருந்த 2024 பதிப்பைப் போட்டேன். இந்தத் தடவை இந்திய லீக்கைத் தேர்ந்தெடுத்து, சென்னையின் எஃப்.சி-க்கு மேனேஜராக உட்கார்ந்தேன். கூடவே அதே பழைய ஆறு நாடு. கன்டினியூ. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு... 40 விநாடி! அக்கா பையனுக்குப் போன் செய்தேன். குரல் கொஞ்சம் தழுதழுத்ததாக அவன் இன்றும் கிண்டல் செய்கிறான்.

சந்தோஷம் மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல். ஆட்டம் தானாக சேவ் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் கரன்ட் போயிற்று. எங்கள் பக்கம் திரும்பி வர மூன்று நாள். தெருவில் முழங்கால் தண்ணீர். பால் பாக்கெட்டுக்கு வரிசை. அந்த நேரத்தில் கெட்டுப்போன ஒரு ஃபைலைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று வெளியே சொன்னால் அடிப்பீர்கள், ஆனாலும் பட்டேன். நல்லவேளை, ஒரே ஃபைலின் மேல் எழுதாமல் மாற்றி மாற்றி மூன்று ஃபைலாக சேவ் செய்யும்படி அமைத்திருந்தேன். ஒரு வாரத்து ஆட்டத்தோடு போயிற்று. நம் ஊரில் டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் பட்ஜெட்டில் யு.பி.எஸ்-ஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனைவியிடம் கொடுத்த 1,500 திரும்பி வந்து, கூட என் பாக்கெட்டும் காலியானது. லேப்டாப்பில் பேட்டரி இருப்பது எவ்வளவு சௌகரியம் என்பதை அக்கா பையன் சொல்ல மறந்துவிட்டான்.

2025 பதிப்பு வரவே இல்லை. தள்ளித் தள்ளிப் போட்டு, பிப்ரவரியில் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். புது இன்ஜினில் 2026 பதிப்பு, 2025 நவம்பரில் வந்தது. மைதானக் காட்சி முன்னைவிட அழகு. அதனால் கிராஃபிக்ஸ் தேவையும் முன்னைவிட அதிகம். என் பெட்டியில் காட்சித் தரத்தைக் குறைவில் வைத்தால்தான் ஆட்கள் திக்காமல் ஓடுகிறார்கள். கணக்குப் போடுவதில் ஒரு குறையும் இல்லை. பின்னால் ஒரு கார்டு செருகிக்கொள்ள மதர்போர்டில் இடமிருக்கிறது. இன்று புதிதாக வாங்குகிறவர் அதற்கு இடம் விட்டு வாங்கட்டும். ரேமை மட்டும் விலை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 2025 கடைசியில் அது தாறுமாறாக ஏறியது.

ஆபீஸில் இப்போது தூங்குவதில்லை. பதினொன்றுக்கெல்லாம் எழுந்து படுத்துவிடுகிறேன். மேனேஜர்கூடப் போன வாரம் கேன்டீனில் ரகசியக் குரலில், ‘‘பையன் ஏதோ ஃபுட்பால் கேமுக்குக் கம்ப்யூட்டர் கேக்கறான்... என்ன வாங்கலாம்?’’ என்று விசாரித்தார். விலாவாரியாகச் சொன்னேன். லெஃப்ட் பேக் விஷயத்தை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

வீட்டில்தான் புதுப் பிரச்னை. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். ‘‘ஒரு நிமிஷம்’’ என்றேன். கன்டினியூ அமுக்கினேன். வெங்காயத்தைக் கையில் எடுத்து நுனியைக் கிள்ளுவதற்குள் அடுத்த மேட்ச் வந்துவிட்டது. மறுபடியும் ‘‘ஒரு நிமிஷம்.’’ மறுபடியும் மேட்ச்.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

‘‘ஏங்க... அந்த நாடெல்லாம் இன்னும் நாலஞ்சு சேர்த்துக்க முடியுமா இதுல?’’

‘‘முடியும். ஏன்?’’

‘‘சேர்த்துக்கங்க. கொஞ்சம் மெதுவா ஓடட்டும்.’’