கோயிலும் குழந்தையும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் ஊர் என்பது கோயிலைச் சுற்றி எழுந்ததே. தலைமன்னார், பேசாலை, வங்காலை எனக் கரையோரமாய்ச் செல்பவன் கண்ணிற் கோயில் படாமற் போவதில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் அங்கே; முதல் நற்கருணை அங்கே; ஞாயிறுதோறும் ஞானோபதேச வகுப்பும் அங்கேதான். தந்தை கடலுக்குப் போயிருக்கும் வேளையிற் பிள்ளை எங்கே என்று தாயைக் கேட்டால், “கோயிலடியில் நிற்கிறான்” என்பாள். அவ்வளவோடு அவள் மனம் அமைதி அடைந்துவிடும்.

நேயர்களே, அந்த அமைதியைக் குறித்தே சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். மன்னாரில் இன்னாரென்று எவரையும் சுட்டுவது என் நோக்கமன்று.

அந்த அமைதி வெறும் பழக்கத்தால் வந்ததும் அன்று. 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் தம் மக்களிடையே கொல்லப்பட்டார். 1999 நவம்பரில் மடுவில் தஞ்சம் புகுந்திருந்தோர் எறிகணைக்கு இரையாயினர். 2006 ஜூனில் பேசாலைக் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தவர்கள் மீதே தாக்குதல் நடந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்தோருள் கன்னியரும் குருமாரும் முன்னின்றனர். இவற்றை மறப்பவன் நன்றி கொன்றவன் ஆவான்.

ஆனால் இடர்ப்பாடும் இங்கேதான் பிறக்கின்றது. இத்துணை நன்றிக்கடன் பட்ட ஓர் ஊரில், பத்து வயதுப் பிள்ளை ஒன்று, கோயிலைச் சார்ந்த ஒருவர் தன்னைத் தகாத முறையில் தொட்டார் என்று சொன்னால், அதை யார் கேட்பார்? அவர் குருவானவராயிருக்கலாம்; உபதேசியாராகவோ, பாடற் குழுவைப் பழக்குபவராகவோ, விடுதிப் பொறுப்பாளராகவோ இருக்கலாம். “வாயை மூடு, பாவம் வரும்” என்பதே பெரும்பாலும் பிள்ளை கேட்கும் முதல் மறுமொழி. அதன்பின் அது இரண்டாம் முறை சொல்வதில்லை.

பிற நாடுகள் இதனைப் பெரும் விலை கொடுத்தே அறிந்தன. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை அரச விசாரணை ஆணைக்குழு ஒன்று ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களைக் கேட்டது. பிரான்சில் 2021-ல் வெளியான சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை, 1950 முதல் ஏறத்தாழ 216,000 பிள்ளைகள் குருமாராலும் துறவியராலும் பாதிக்கப்பட்டனர் என மதிப்பிட்டது. குற்றத்துக்கு இணையாக அங்கெல்லாம் மக்களைப் புண்படுத்தியது ஒன்றுண்டு. முறைப்பாடு வந்தவரை வேறொரு பங்குக்கு மாற்றிவிட்டு, புதிய பங்கின் பெற்றோருக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள்.

தமிழருக்கு இது தொலைவான கதையும் அன்று. உதகமண்டல மறைமாவட்டக் குருவானவர் ஒருவர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற் பணிபுரிந்த காலத்துக் குற்றத்துக்காக இந்தியாவிலிருந்து அங்கு ஒப்படைக்கப்பட்டு, 2015-ல் நீதிமன்றிற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் திரும்பி வந்தபின், 2016-ல் அவர்மீதிருந்த பணித்தடை நீக்கப்பட்டது. குற்றத்தை மன்னிப்பது வேறு, பிள்ளைகள் நடமாடும் இடத்திற் பொறுப்பை மீளக் கொடுப்பது வேறு. இவ்வேறுபாடு படித்தவர்க்கும் விளங்காமற் போவதுதான் வியப்பு.

திருச்சபையின் விதிகள் இன்று பழைய நிலையில் இல்லை. 2019 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் பிறப்பித்த சட்டத்தின்படி, இத்தகைய செயலை அறியவரும் குருக்களும் துறவியரும் அதனைத் திருச்சபை அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆயர் ஒருவர் மூடிமறைத்தாலும் அவர்மீது விசாரணை உண்டு. முறையிட்டவரை மௌனமாயிருக்கும்படி கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமைகளையும் அது விலக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைகள் சிலர் தமக்கு நேர்ந்த கொடுமையைத் தம்முடைய பாவமென்று எண்ணி அங்கே போய்ச் சொல்லக்கூடும். அங்கே சொன்னதைக் குருவானவர் வெளியிட முடியாது. அந்த முத்திரை இன்றும் அப்படியே இருக்கின்றது. எனவே இது உன் பாவமன்று, இதை வீட்டிலும் சொல்லலாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது தாய் தந்தையரின் வேலை. ஞானோபதேச வகுப்பிலேயே இதனைக் கற்பித்தால் இன்னும் நன்று.

நாட்டுச் சட்டமோ யாருடைய அங்கியையும் பார்ப்பதில்லை. 1995-ல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் தனிக் குற்றமாயிற்று. அதற்கு இருபது ஆண்டுகள் வரை கடூழியச் சிறை உண்டு. 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. 1999-ல் வந்த சாட்சியச் சட்ட ஏற்பாடு, பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றில் முன்வைக்க இடமளித்தது. ஆகவே மூப்பர்மார் கூடி, இரு வீட்டாரையும் அழைத்துப் பேசித் தீர்க்கும் வழக்கு இதுவல்ல. வலைத் தகராற்றுக்கு அந்த முறை போதும்.

பிள்ளை சொல்லத் தொடங்கினால் முதலிற் கேளுங்கள். அது சொன்ன சொற்களை அப்படியே ஒரு தாளில், நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். அயலாருக்கும் உறவினருக்கும் முன்னால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்க வேண்டாம். அண்மையில் நடந்ததாயின் உடையைத் துவைக்காமல், பிள்ளையை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் நேரே போய் நியாயம் கேட்பதால் அவர் எச்சரிக்கை அடைவாரே ஒழியப் பிள்ளைக்குப் பயனில்லை. பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் சிறுவர் அலுவல்களுக்கென உத்தியோகத்தர் இருக்கின்றனர். அங்கே போகக் கூச்சமாயிருந்தால், அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.