கணக்குப் பரீட்சைக்குப் பிறகு வாசலில் ஒரு பரீட்சை

பொம்மனஹள்ளி: எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை பகல் ஒன்றேகால் மணிக்கு முடிந்தது என்றால், ஒன்று இருபதுக்கு இன்னொரு பரீட்சை தொடங்கி விடுகிறது. இதற்கு ஹால் டிக்கெட் வேண்டாம். மேற்பார்வையாளர் கிடையாது. பள்ளிக்கூட வாசலில், கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில், சுருட்டிய வினாத்தாளைக் கையில் வைத்துக் கொண்டு "மச்சா, உனக்கு எவ்வளவு வந்தது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்ளும் பரீட்சை அது. உள்ளே தைரியமாக எழுதிய பிள்ளைகள் கூட இங்கே வந்துதான் முகம் வாடிப் போகிறார்கள்.

ஓசூர் சாலையின் இருமருங்கிலும், பொம்மனஹள்ளியிலும் ஹொங்கசந்திராவிலும் மங்கம்மனபாளையாவிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். தாய் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பாள்; தகப்பன் ஆட்டோ ஓட்டுவார், அல்லது கட்டட வேலையில் இருப்பார். பரீட்சை நாளானாலும் லீவு கேட்க முடியாது. அம்மா வீடு திரும்பி, "ஏன் கண்ணு, கணக்கு எப்படி எழுதின?" என்று கேட்கும்போது மாலை ஆறு மணிக்கு மேல் ஆகிவிடும். அதுவரை ஐந்து மணி நேரம் பிள்ளைக்குத் துணை, வாசலில் கேட்ட தீர்ப்பு ஒன்றுதான்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்பதே கேள்வி.

வினா எண்ணே பொதுமொழி

ஒரே தெருவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவன் ஆங்கில வழியில் படிக்கிறான், இன்னொருத்தி கன்னட வழியில் படிக்கிறாள். தமிழ் நூல்களில் இருபடிச் சமன்பாடு என்பது இவனுக்கு குவாட்ரடிக் ஈக்குவேஷன், அவளுக்கு வர்க சமீகரண. வீட்டில் மூன்றுக்கும் ஒரே பெயர்: கணக்கு. ஆகவே வாசலில் பாடத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. "முப்பத்து நாலாவது கேள்வி எஷ்டு பந்து?" என்கிறார்கள். (ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர்கள் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துவிடக் கூடாது. 'எவ்வளவு வந்தது' என்பதற்கு அதுதான் கன்னடம்.)

எண்ணைச் சொன்னதும் பதில் எண்ணாகவே வருகிறது. வழிமுறை வருவதில்லை. சங்கடமெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

670-ம் 607-ம்

ஓர் உதாரணம் பார்ப்போம். 5, 8, 11 என்று போகும் தொடரில் முதல் 20 உறுப்புகளின் கூட்டுத்தொகை என்ன என்று கேள்வி. முதல் உறுப்பு 5, வித்தியாசம் 3. சூத்திரத்தில் போட்டால் பத்தை அறுபத்தேழால் பெருக்க வேண்டும். விடை 670. ஒரு பையன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, கடைசியில் அவசரத்தில் 607 என்று எழுதிவிட்டான். வாசலில் நாலு பேர் 670 என்கிறார்கள். அவன் மூன்று மார்க்கையும் மனதுக்குள் அடித்துவிடுகிறான்.

திருத்துகிறவர் அப்படி அடிப்பதில்லை. வாரியத்தின் விடைக் குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் அரை மார்க், ஒரு மார்க் என்று பிரித்துத்தான் இருக்கும். சூத்திரம் சரி, எண்களைப் பொருத்தியது சரி என்றால் அவற்றுக்குரியது கிடைக்கும். போவது கடைசிப் படிக்கு உரியது மட்டும்.

கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு வினாத்தாள் அண்மை ஆண்டுகளில் 80 மதிப்பெண்ணுக்கு 38 கேள்விகள் கொண்டது. அவற்றில் 16 கேள்விகள்தான் ஒரு மார்க் கேள்விகள். மற்ற 22 கேள்விகளுக்கு 64 மார்க். இந்த 64-லும் படிக்குப் படி பங்கு உண்டு. வாசல் தீர்ப்போ 38 கேள்விகளையும் ஒரு மார்க் கேள்விபோலவே பார்க்கிறது: வந்தால் முழுசு, வராவிட்டால் சைபர்.

இன்னும் வேடிக்கை, இருவர் விடையும் சரியாக இருந்தும் இருவரும் பயப்படுவது! ஒருத்திக்கு 2/6 வந்திருக்கிறது, இன்னொருத்திக்கு 1/3. ஒருவன் 1/√2 எழுதினான், மற்றவன் √2/2 எழுதினான். இரண்டும் ஒன்றே. ஆரம் 7 உள்ள வட்டத்தின் பரப்பை 22/7 வைத்துக் கண்டால் 154, 3.14 வைத்துக் கண்டால் 153.86, எந்த மதிப்பைக் கொள்ளச் சொன்னார்கள் என்று கேள்வியைத் திரும்பப் படித்தால் போதும். வரைபடக் கணக்கில் ஆளுக்கொரு புள்ளியை எடுத்துக் கோடு போட்டிருப்பார்கள். கோடுகள் வெட்டும் இடம் ஒன்றாக இருந்தால் சரி. கும்பலில் சத்தமாகப் பேசுகிறவனுக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை.

"ஈஸி" என்ற சொல்

பேப்பர் எப்படி என்று கேட்டால் முதல் பெஞ்சுக்காரன் "ஈஸி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். பக்கத்தில் நிற்கிற பத்துப் பேருக்கு அந்தச் சொல் ஈட்டி மாதிரி இறங்குகிறது. அவனுக்கு ஐந்து மார்க் கேள்வி தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பாஸ் மார்க்கைத் தேடுகிற பிள்ளைக்கு ஈஸியா, கஷ்டமா என்பதை ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகள்தான் முடிவு செய்யும். சத்தம் போடுவதில் பையன்களே முன்னணி. 2025 முடிவில் மாணவியர் நூற்றுக்கு 74 பேரும், மாணவர் 58 பேரும் தேறினார்கள் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லலாம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தேர்வு அறைகளில் கேமரா வைத்துக் கண்காணிக்கும் முறை 2024-ல் வந்தது. 2023-ல் 83.89 விழுக்காடாக இருந்த தேர்ச்சி, 2024-ல் 73.40 ஆக இறங்கியது. அதுவும் கருணை மதிப்பெண்ணை 20 விழுக்காடு வரை உயர்த்திய பிறகு. அந்தக் கூடுதல் சலுகை இல்லாத 2025-ல் முதல் தேர்வின் தேர்ச்சி 66.14 விழுக்காடு. இருந்தும் "எல்லாருக்கும் கஷ்டம், கிரேஸ் மார்க் போட்டுருவாங்க" என்ற வதந்தி வாசலில் பிறக்கத்தான் செய்கிறது. அதை நம்பி அடுத்த பாடத்தைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு.

"வெளியே வந்ததும் பேசாதே, நேராக வீட்டுக்குப் போ" என்பது பழைய உபதேசம். எந்தத் தலைமுறைப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம் என்றே தோன்றுகிறது. வருஷம் முழுவதும் மண்டையில் ஏறாத ஒரு கணக்கு, தோழி ஒருத்தி வினாத்தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டும்போது இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடுகிறது. எவ்வளவு வந்தது என்று கேட்பதோடு, எப்படிப் போட்டாய் என்றும் கேட்டால் பாதி அழுகை நின்றுவிடும்.

கும்பகோணத்தில் ஒரு மார்க்

கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, கணக்குப் பரீட்சை ஒன்றில் தோழன் ஒருவன் அவரைவிட ஒரே ஒரு மார்க் கூடுதலாக வாங்கிவிட்டான். சிறுவனுக்குத் தாங்கவில்லை. அவனோடு பேச மறுத்து, அழுது கொண்டே தாயாரிடம் ஓடினார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அவருக்கே அந்தக் கதி! ஆனால் பின்னாளில் அவரைக் கவிழ்த்தது கணக்கு அல்ல. கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் உதவித் தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேற முடியவில்லை.

2025-ல் கணக்குப் பரீட்சை மார்ச் 24-ந் தேதி. அடுத்த பரீட்சை 26-ந் தேதி. நடுவில் ஒரே நாள். கணக்கைத் தவிர இன்னும் நான்கு பாடங்கள் பாக்கி. வாசலில் இடிந்து போன பிள்ளை அந்த ஒரு நாளையும் படுக்கையில் கழித்தால் போவது அடுத்த பாடம். அம்மா அப்பாவுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. "போனது போகட்டும், சாப்பிட்டுட்டு அடுத்த புக்கை எடு" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

வினாத்தாளைக் கிழித்துப் போடாமல் வைத்துக் கொள்வது நல்லது. தேர்வுகள் முடிந்ததும் வாரியம் மாதிரி விடைகளை இணையத்தில் வெளியிடுகிறது. தவறு இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கவும் அவகாசம் உண்டு. முடிவு வந்த பின் விடைத்தாளின் நகலைப் பெற்று மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்ச்சிக்கான அளவை 35 விழுக்காட்டிலிருந்து 33 ஆகக் குறைப்பதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்திருக்கிறது. தவறிவிட்டாலும் ஓர் ஆண்டு வீண் என்ற பழைய நிலை 2024-லிருந்து இல்லை. 2024-லும் 2025-லும் ஒரே ஆண்டில் மூன்று தேர்வுகள் நடந்தன. 2025-ல் இரண்டாம் தேர்வு மே 26-லும், மூன்றாவது ஜூலை 5-லும் தொடங்கின. தேறியவர்களும் மார்க் போதவில்லை என்றால் எழுதலாம். எதில் கூடுதலோ அந்த மார்க்கே கணக்கில் கொள்ளப்படும்.