கால் நரம்பு சுருட்டல்: லேசரா, ஊசியா, பசையா... எது யாருக்கு?

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர், பரோட்டா மாஸ்டர், டிராஃபிக் போலீஸ்காரர், சலூன் வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை... இவர்கள் எல்லோருக்குமே நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது கால் கல்லாகக் கனக்கும். சிலருக்குக் கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாகப் புழு நெளிவதுபோல ஏதோ புடைத்து நிற்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2021-ல் சட்டத்திருத்தமே நிறைவேற்றியது. நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல் பாதிப்புகள்தான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கேரளா 2018-லேயே இதைச் செய்துவிட்டது.

‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று நாம் சொன்னாலும், வெரிகோஸ் வெயின் நரம்பே அல்ல, ரத்தக்குழாய். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை மேலே கொண்டு செல்லும் சிரை. ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் தடுக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த பம்ப் வேலை செய்யாது. வால்வு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் வீங்கிச் சுருளும். பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன், வயது ஆகியவையும் காரணங்களே.

‘வலிக்கலையே, இருந்துட்டுப் போகட்டும்’ என்று விடுவதில்தான் சிக்கல். தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தால் கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும், அரிக்கும், தடிக்கும். பிறகு ஒரு சின்னக் கீறல்கூட மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும். இங்கிலாந்தில் இப்படிப் புண் வந்த 450 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கட்டு போடுவதோடு பழுதான குழாயையும் சீக்கிரமே அடைத்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாள்களில் புண் ஆறியது. தாமதித்தவர்களுக்கு அதற்கு 82 நாள்கள் ஆயின.

சில நேரம் புடைத்த குழாய் வெடித்து ரத்தம் பீய்ச்சி அடிக்கும். பதறி எழுந்து ஓடக் கூடாது. உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கத்தி வைக்காமல் எப்படி?

முதலில் டாப்ளர் ஸ்கேன். பெரும்பாலும் நிற்க வைத்தே எடுப்பார்கள்; எந்த வால்வு கசிகிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் பார்க்காமலே ‘லேசர் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது.

முன்பெல்லாம் இடுப்பு மடிப்பில் கீறி, குழாயையே உருவி எடுப்பார்கள். இப்போது முழங்கால் அருகே ஊசித்துளை போட்டு, மெல்லிய வயரைக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த திரவத்தை ஏற்றுவார்கள். அது வலியைத் தடுப்பதோடு பக்கத்துத் தசையைச் சூட்டிலிருந்தும் காக்கும். பிறகு லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளிருந்தே குழாயைச் சுட்டு மூடிக்கொண்டு வருவார்கள். ரேடியோ அலை முறையில் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். சிகிச்சை முடிந்ததும் எழுந்து நடக்கச் சொல்வார்கள். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம். பெரிய சிரையில் கசிவு இருப்பவர்களுக்கு இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைப்பது இந்த வெப்ப முறையைத்தான். அது பொருந்தாதபோது நுரை ஊசி, அதுவும் சரிவராவிட்டால் அறுவை சிகிச்சை.

நுரை ஊசி என்பது மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிக் குழாய்க்குள் செலுத்துவது. செலவு குறைவு, வளைந்து நெளிந்த குழாய்களுக்கும் ஏற்றது. ஆனால் மறுபடி வரும் வாய்ப்பு இதில் அதிகம், திரும்பவும் ஊசி போட வேண்டியிருக்கலாம். பசை முறையில் சூடும் இல்லை, நீளத்துக்கும் போடும் மரப்பு ஊசிகளும் இல்லை. குழாயின் சுவர்களை மருத்துவப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். விலை அதிகம், சிலருக்கு அலர்ஜி வரலாம்.

குழாயை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்? எல்லோருக்கும் வரும் பயம்தான் இது. காலின் ரத்தத்தில் பெரும்பங்கை எடுத்துச் செல்வது தசைக்குள் இருக்கும் ஆழ்சிரைகள். தோலுக்கடியில் பழுதான ஒன்றை மூடினால் ரத்தம் நல்ல வழிக்கு மாறிக்கொள்ளும். ஆழ்சிரையிலேயே ரத்தக்கட்டு இருந்து அடைத்திருந்தால் கணக்கே வேறு. அதற்காகவும்தான் ஸ்கேன்.

யார் பொறுத்திருக்கலாம்?

கர்ப்பிணிகள். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு வீக்கம் தானாகவே குறையும். அதுவரை ஸ்டாக்கிங்ஸ், காலை உயர்த்தி வைத்தல், நடை போதும். ஸ்டாக்கிங்ஸைக் காலையில் கால் வீங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். அது வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும். பழுதான வால்வைச் சரிசெய்யாது. சர்க்கரை நோயாளிகளும் புகைப்பிடிப்பவர்களும் பாதத்தின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடக் கூடாது.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று விளம்பரம் செய்வதை அப்படியே நம்ப வேண்டாம். ரத்தக்கட்டு, தோல் மரத்துப்போதல், நிறம் மாறுதல் எல்லாம் சிலருக்கு வரலாம். சிகிச்சைக்குப் பின் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

செலவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சொல்லும் தொகை ஒரு காலுக்கா இரண்டுக்குமா, ஸ்கேனும் ஸ்டாக்கிங்ஸும் அதில் சேருமா, காப்பீடு கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கிறது.